வெள்ளையும் கறுப்பும் சேர்ந்து விழுந்தால்

மலேசியாவின் கோலசிலாங்கூர் பட்டணத்தில், ஒரு டயர் கடையின் மாடியில் ஆறு பில்லியர்ட்ஸ் மேசை போட்ட பூல் செண்டர் இருக்கிறது. அங்கே மேசை துடைப்பதும் பந்து அடுக்குவதும் நாகமணியின் வேலை. நாற்பத்தெட்டு வயது. அதற்குமுன் ஜெராம் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பதினான்கு வருடம் மருந்தடித்தவள். மருந்துத் தோம்பில், அந்தப் பீப்பாயில், ஒட்டியிருந்த எச்சரிக்கையை வரி விடாமல் படித்தவள் அவள் ஒருத்திதான். வேலையை மேற்பார்க்கும் மண்டோர்கூட படித்ததில்லை. ஆனால் அவள் கையுறை கேட்டால் எதற்கு என்று சத்தம் போடுவான். வாய் பெருத்த ஆம்பிளைகள் மேல் அவளுக்கு வந்த இளக்காரம் அன்று தொடங்கியது.

பூல் செண்டரில் சேர்ந்த வாரமே சுவரில் ஒட்டியிருந்த விதிகளை மலாயில் படித்து முடித்தாள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒன்று முதல் ஏழு வரை முழுநிறப் பந்து, ஒன்பது முதல் பதினைந்து வரை கோடு போட்டது, எட்டு கறுப்பு. அடுக்கிய பந்துகளை முதல் அடியில் கலைத்த பிறகு யார் எந்த வகையை முதலில் முறையாகக் குழியில் தள்ளுகிறாரோ அது அவருக்கு. குச்சியால் அடிக்கும் வெள்ளைப் பந்து முதலில் அடிப்பவரின் வகைப் பந்தைத்தான் தொடவேண்டும். தவறினால் ஃபவுல், எதிராளி வெள்ளையை நினைத்த இடத்தில் வைத்து ஆடலாம். தன் ஏழும் தீர்ந்த பிறகுதான் கறுப்பு. படிக்கப் பத்து நிமிடம் ஆகாது. வருடக்கணக்காக அங்கே வந்துபோகிறவர்களுக்கு அந்தப் பத்து நிமிடம் வாய்க்கவில்லை.

அவர்களில் தலையாயவன் ரவீந்திரன். ஏதோ ஓர் இளைஞர் சங்கத்தின் தலைவன். இளைஞனாக இருந்து பத்து வருடமாகிறது. இடது கையில் கறுப்புக் கையுறை, பெட்டியில் சொந்தக் குச்சி. ஃபவுல் செய்தால் "இங்க அப்படித்தான் லா ஆடுவோம்" என்பான். எதிராளி செய்தால் உலக விதி பேசுவான்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டி வைத்தார்கள். இறுதி ஆட்டத்துக்கு ரவீந்திரனும் கைருதீனும் வந்தார்கள். கைருதீன் பஸ் நிலையத்தருகே சாப்பாட்டுக் கடை நடத்துகிறவன், அதிகம் பேசமாட்டான். நடுவராக வரவேண்டியவர் வரவில்லை. செண்டரின் சீன முதலாளி நாகமணியை நிற்கச் சொன்னார். மேசை துடைக்கிற அக்கா தீர்ப்புச் சொல்வதா என்று ரவீந்திரன் சிரித்தான். அவனோடு வந்த நான்கு பேரும், அவன் சிரித்ததால், சிரித்தார்கள்.

ரவீந்திரனுக்குக் கோடு போட்டவை அமைந்தன. மூன்றாவது அடியிலேயே அவன் வெள்ளை கைருதீனின் மஞ்சளைத் தொட்டுவிட்டுத்தான் மற்றதைத் தொட்டது. நாகமணி வெள்ளையை எடுத்துக் கைருதீனிடம் கொடுத்தாள். ரவீந்திரன் கூரையைப் பார்த்தான். கைருதீன் இரண்டைப் போட்டுவிட்டு, மூன்றாவதைக் கோட்டைவிட்டான். ரவீந்திரன் தன் மிச்சத்தையெல்லாம் துடைத்தெடுத்தான். ஆடத் தெரியாதவன் என்று அவனைச் சொல்ல முடியாது. அதனால்தான் அவளுக்கு அவன்மேல் இன்னும் எரிச்சல்.

அவனுக்குக் கறுப்பு மட்டும் மிஞ்சியது. மூலைக் குழியைக் குச்சியால் காட்டிவிட்டு ஓங்கி அடித்தான். கறுப்பு விழுந்தது. கையைத் தூக்கி, சங்கத்து ஆட்களைப் பார்த்துத் திரும்பினான். அவன் முதுகுக்குப் பின்னால் வெள்ளை மெதுவாக உருண்டு போய் நடுக்குழியில் விழுந்தது.

"தோத்துட்டீங்க தம்பி," என்றாள் நாகமணி.

கறுப்பைத் திரும்ப வைத்து ஆடலாம் என்று அவன் வாதாடினான். ஈப்போவில் அப்படித்தான் என்றான். கைருதீனுக்கே தர்மசங்கடமாகிவிட்டது. "விடுங்கக்கா, இன்னொரு தடவ ஆடிக்கிறோம்," என்றான். அவளுக்கு அவன்மேலும் வெறுப்பு வந்தது. தன் வெற்றியைக்கூடத் தூக்கிப் பிடிக்கத் தெரியாத நல்லவன்.

"கறுப்போட வெள்ளையும் விழுந்தா ஆட்டம் போச்சு. ஈப்போவுலயும் வெள்ளை வெள்ளைதான்," என்று சொல்லிவிட்டுக் கோப்பையை எடுத்துக் கைருதீன் கையில் திணித்தாள்.

மறுநாள் ரவீந்திரன் சங்கத்தின் வாட்சப் குழுவில் அவளைப் பற்றி நீளமாக எழுதினான். சங்கம் இனி இந்தப் பக்கம் வராது என்று முதலாளிக்கும் போன் செய்தான். முதலாளி பயந்துபோய், ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடு என்றார். விதியை மாற்றி அச்சடித்து ஒட்டுங்கள், அப்புறம் கேட்கிறேன் என்றாள். இரண்டு நாள் அவர் அவளோடு பேசவில்லை. அவள் பாட்டுக்கு மேசைகளைத் துடைத்தாள்.

அடுத்த போட்டிக்குச் செகிஞ்சான் ஊரிலிருந்தும் ஆட்கள் பெயர் கொடுத்தார்கள். யார் நடுவர் என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்கள். முதலாளி அவளுக்குக் காலர் வைத்த கறுப்புச் சட்டை ஒன்று வாங்கி வந்தார். அளவு பெரிது. கையை மடித்துவிட்டுக்கொண்டு போட்டாள்.

ரவீந்திரன் பெயர் கொடுக்கவில்லை. இப்போது தஞ்சோங் காராங் மண்டபத்தில் பேட்மிண்டன் ஆடுகிறவர்களுக்கு, ஓரத்தில் நின்றுகொண்டு, சர்வீஸ் எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொண்டிருக்கிறானாம்.