நார்த்தங்காயும் பாகும்

காலை பஸ் காவிரிப் பாலம் ஏறியதும் என் மூக்குக்கு முன்னால் ஒரு மணிக்கட்டு நீளும். வாட்ச் கட்டிக் கட்டித் தடம் விழுந்த மணிக்கட்டு. "இப்ப எப்படிடி இருக்கு?" என்று ரிசப்ஷன் அக்கா கேட்பார். நான் குனிந்து முகர்ந்து பார்த்துச் சொல்வேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் எங்களைப் பைத்தியம் என்றே முடிவு கட்டியிருப்பார்கள். கட்டட்டும்.

நாங்கள் இருவரும் தில்லை நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்தோம். அவர் வரவேற்பில், நான் உள்ளே ரிப்போர்ட் டைப் அடிப்பவள். இருவருக்கும் வீடு ஸ்ரீரங்கம் என்பதால் ஒரே பஸ். கணவர் போன பிறகு ஒரே மகளைப் படிக்கவைத்து, துபாய்க்கு வேலைக்கும் அனுப்பிவிட்டு, அக்கா தனியாக இருந்தார். மகள் முதல் சம்பளத்தில் அனுப்பிய சென்ட்டால் ஒருநாள் தனக்கு அபிஷேகமே செய்துகொண்டு வந்துவிட்டார். எனக்கு வாய் சும்மா இருக்காது, அன்றைக்குத் தலைவலி வேறு. "ஏன்க்கா, இன்னைக்குக் குளிச்சது தண்ணிலயா, சென்ட்லயா?" என்று நோயாளிகள் முன்னாலேயே கேட்டுத் தொலைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார், ஆனால் முகம் வாடிவிட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் மெல்லச் சொன்னார். ஆறு மாதத்துக்கு முன்னால் வந்த காய்ச்சல் போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டதாம். "எனக்கு மல்லிப்பூவும் ஒண்ணுதான், மண்ணெண்ணெயும் ஒண்ணுதான். எம்மேல வேர்வை நாத்தம் அடிக்குதோன்னு பயம்டி. அதான் அள்ளி ஊத்திக்கிட்டேன்." எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மகளிடம் சொல்லவில்லையா என்று கேட்டேன். "அய்யய்யோ! காஸ் லீக் ஆனாக்கூட அம்மாவுக்குத் தெரியாதேன்னு வேலையை உதறிட்டு வந்து நிப்பா. அவளை அங்க அனுப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனா போன் பண்றப்பல்லாம் சென்ட் எப்படிம்மா இருக்குன்னு கேக்குறா. நல்லாருக்கு நல்லாருக்குன்னு எத்தனை நாள் சொல்றது? நீதான் மோந்து பாத்துச் சொல்லேன்."

சென்ட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தெரிந்த வாசனைகளை வைத்துச் சொன்னேன். பாட்டிலில் முகர்ந்தால் வெறும் மிட்டாய்க் கடை. தோலில் பட்டால்தான் அதற்கு உயிர் வரும். நார்த்தங்காய்த் தோலை நகத்தால் கீறும்போது முகத்தில் தெறிக்குமே, முதலில் அந்தச் சுள்ளென்ற வாசனை. பதினோரு மணி டீக்குள் அது அடங்கி, பாகு அடிப்பிடிக்கப்போகிற வாசனை வந்துவிடும். இறக்கு இறக்கு என்று கத்தத் தோன்றும். சாயங்காலம் வேர்வையின் உப்போடு கலந்து லேசாக ஓர் இனிப்பு மட்டும் நிற்கும், பாயசம் குடித்துவிட்டு வாய் துடைக்காமல் தூங்கிப்போன குழந்தையின் கன்னம் மாதிரி. அதைச் சொன்ன அன்று அக்கா தன் மணிக்கட்டைத் தானே ஒருமுறை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு, "அப்ப நான் நாறலை" என்றார். "நாறலைக்கா" என்றேன்.

நான் சொன்னதை எழுத்துப் பிசகாமல் மகளிடம் ஒப்பிப்பார். மகளுக்கு ஒரே ஆச்சரியமாம். அக்காவுக்கும் கேலி பேசத் தெம்பு வந்துவிட்டது. "பெருமாளுக்கு வைக்கிற பூவை மோந்து பாக்கக் கூடாதும்பாங்க. இப்ப என்னைவிட ஆசாரமா பூ கட்ட ஸ்ரீரங்கத்துலயே ஆள் கிடையாது, தெரியுமா?"

இரண்டு வருஷம் கழித்து மகள் லீவில் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாடு ஆனதும் அவள் ஒரு புது பாட்டிலை எடுத்தாள். பார்க்கப் பழையது மாதிரியே இருந்தது. "கையைக் காட்டும்மா" என்று அடித்துவிட்டாள். ரோஜா. கூடம் முழுக்கப் பன்னீர் ரோஜா. கண்ஜாடை காட்டலாம் என்றால், அக்கா கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்துகொண்டிருக்கிறார். "அப்படியே நார்த்தங்காய்த் தோலைக் கீறினாப்ல இருக்குடி கண்ணு! கொஞ்ச நேரம் போகட்டும், பாகு வாசனை வரும் பாரு."

மகள் மூடியைக் கையில் வைத்தபடி நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவள், குரல் கொஞ்சமும் பிசகாமல், "கரெக்டா சொல்லிட்டம்மா" என்றாள்.

வழியனுப்பும் சாக்கில் வாசல் கேட் வரை வந்தாள். "எத்தனை நாளா ஆன்ட்டி?" என்று கேட்டாள். சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நான் வேலையை விட்டுட்டு வந்துடட்டுமா?" "வந்தா அம்மா தோத்துப்போயிடுவாங்கடா" என்றேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப எனக்குத் தெரியும்னு அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் ஆன்ட்டி" என்றாள்.

ஸ்பிரே சரியில்லை என்று சொல்லி ரோஜா பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போகுமுன் காஸ் அடுப்பைத் தூக்கிவிட்டு இண்டக்‌ஷன் அடுப்பை வைத்தாள். இப்ப எல்லாரும் இதுதாம்மா என்றாளாம். அக்கா ஒரு மாதம் திட்டித் தீர்த்தார். "காஸ்ல வச்ச ரசம் மாதிரி வருமாடி?" ரசத்தின் மணம் தெரிந்து மூன்று வருஷம் ஆகப்போகிறவர் பேசுகிற பேச்சு!

அக்கா இப்போது வேலையிலிருந்து நின்றுவிட்டார். பஸ்ஸில் நான் மட்டும்தான். போன வாரம் வீட்டுக்குப் போயிருந்தபோது, துபாயிலிருந்து வந்த பார்சலைப் பிரித்துக் காட்டினார். அதே பழைய சென்ட். லீவு முடிந்து போன பிறகு மகள் அனுப்பிய நான்காவது பாட்டில்.

"இதைத் தவிர வேற எதையும் அனுப்ப மாட்டேங்கிறாடி" என்றார். பெருமை தாங்கவில்லை அவருக்கு. "நான் சொல்லிச் சொல்லி, அவளுக்கே இது பிடிச்சுப்போச்சு பாரு."

"ஆமாக்கா" என்றேன்.