ரதிக்கு வந்த கடிதம்

என் தங்கையின் கையை முறித்தவன் அவள் புருஷன். அவன் கையில் காரணத்தை எடுத்துக் கொடுத்தவன் நான். இதை ஒளிக்காமல் எழுத எனக்கு நான்கு வருடம் பிடித்திருக்கிறது.

இலங்கையில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வேலை செய்கிறவர்கள் நாங்கள். மாசி மாதம் காமன் கூத்து ஆடுவோம். குழுவில் ஒன்பது பேர், எல்லோரும் ஆண்கள். சிவன் எரித்துவிட்ட மன்மதனுக்காக அழுகிற ரதியாக நான்தான் சேலை கட்டுவேன். எங்கள் இரண்டு தப்பு மேளங்களில் ஒன்று கிழிந்து போயிருந்தது, உடுப்பெல்லாம் கந்தல். மாகாண சபையின் கலாசாரப் பிரிவு கூத்துக் குழுக்களுக்கு வாத்தியமும் உடுப்பும் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு, பதுளைக்குப் போய்ச் சிங்களத்தில் இருந்த விண்ணப்பப் படிவம் வாங்கி வந்தேன். குழுவில் சிங்களம் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

குழுவில் பெண் கலைஞர் ஒருவராவது இருக்கவேண்டும் என்று படிவத்தில் ஒரு நிபந்தனை. நல்ல நிபந்தனைதான். எனக்கு அது நிரப்ப வேண்டிய ஒரு கட்டமாக மட்டுமே தெரிந்தது. ரதி என்ற இடத்தில் என் பெயரை எழுதாமல் தங்கையின் பெயரை எழுதினேன். கையெழுத்தையும் நானே போட்டேன். அவளிடம் மூச்சு விடவில்லை. யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

தோட்டத்தில் கடிதம் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு வராது. ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு வரும். அங்கே எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லிக் கொடுப்பார்கள். தங்கைக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. கணக்கப்பிள்ளை உதவி செய்வதாக எண்ணி, அவள் பெயருக்கு வந்த கடிதத்தைப் பிரித்து உரக்கத் தமிழில் சொன்னார். ரதி வேடம் ஆடும் கலைஞர் பதுளையில் இரண்டு நாள் பயிற்சிக்கு வரவேண்டும், தங்க இடம் தரப்படும். கொழுந்துக்காரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளுடைய மூட்டையைத் தூக்க வந்திருந்த புருஷன் சிரிக்கவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் சொல்லியிருக்கிறாள். நீ எழுதிக் கேட்டுக்கொண்டபடி என்றுதான் கடிதத்தில் போட்டிருக்கிறது என்றாராம் கணக்கப்பிள்ளை.

லயத்து வாசலில் வைத்து அடித்தான். கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். விறகுக் கட்டையை ஓங்கியபோது தடுக்க நீட்டிய இடது கை மணிக்கட்டுக்கு மேலே ஒடிந்தது. பக்கத்து வீட்டார் கதவைச் சாத்திக்கொண்டார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் எங்கள் லயத்தில் ஒருவருக்கும் காது கேட்காது.

ஆள் வந்து சொன்னதும் மம்பட்டியிலிருந்து பிடியைக் கழற்றிக்கொண்டு ஓடினேன். முதல் அடி அவன் முழங்காலில். விழுந்தவன் என் கட்டைவிரலைக் கடித்தான். நான் அவன் வாயிலேயே குத்தினேன், பல் உடைந்து என் விரல் முட்டியில் ஏறியது. சொல்ல அசிங்கமாக இருக்கிறது, அடிக்க அடிக்க எனக்கு இனித்தது. இரத்தத்தைத் துப்பிக்கொண்டே அவன் கேட்டான்: "ஒன் தங்கச்சி எனக்குத் தெரியாம எழுதிப் போட்டிருக்கா. நான் சும்மா இருக்கணுமா?"

எழுதியது நான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அடிப்பதை நிறுத்த வேண்டியிருக்கும். சொல்லாமல் விலா எலும்பில் மிதித்தேன். கூத்துக் குழு ஆட்கள் நாலு பேர் சேர்ந்துதான் என்னைப் பிடித்து இழுத்தார்கள்.

தோட்ட லொறியில் அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் பொலிசில் வாக்குமூலம் கொடுத்துவிட்டு வார்டுக்குப் போனேன். கையில் மாக்கட்டு, ஒரு கண் திறக்கவே இல்லை. எலும்பு நேராகச் சேராவிட்டால் பழையபடி கொழுந்து பறிக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பறிக்க முடியாவிட்டால் அந்த வீட்டுக்கே திரும்பிப் போய் அவன் கையை எதிர்பார்த்துக் கிடக்க வேண்டியதுதான். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அவனை நல்லா போட்டுட்டேன், இனி உன் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான் என்று பெருமையாக ஆரம்பித்தேன். அவள் என் கட்டைவிரல் கட்டைப் பார்த்தாள், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பேரை எழுதினது நீதானேண்ணே?"

ஆமாம் என்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அந்தக் கட்டத்தை நிரப்பாவிட்டால் தப்பு கிடைக்காது என்று என்னென்னவோ உளறினேன்.

"அவரும் ஒரு வார்த்தை கேக்காமத்தான் அடிச்சாரு," என்றாள். எனக்கு எழுந்து போய்விடவேண்டும் போலிருந்தது. "நீ கேட்டிருந்தா நான் ஆடியிருப்பேண்ணே. ரதி பாட்டு முழுசும் எனக்குத் தெரியும். இப்ப அடியும் வாங்கியாச்சு, ஆடவும் இல்ல."