மெ.சா.நா. என்று பெயர் வைத்தவர்

"பாய், புது வெர்ஷன் வந்திருக்கு" என்று யாராவது சொன்னால் போதும், அபுதாஹிர் பாயின் முகம் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்டவர் முகம் மாதிரி ஆகிவிடும். மூட்டை கட்ட வேண்டும், சுமக்க வேண்டும், போன இடத்தில் எதை எங்கே வைத்தோம் என்று தேட வேண்டும். வயதோ ஐம்பதைத் தாண்டிவிட்டது.

செக்காலை ரோட்டில் இருக்கும் எங்கள் கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. நான் ஆல்பம் டிசைன் செய்கிறவன். என் நாற்காலிக்குப் பின்னால்தான் அவருடைய சர்வர் அறை. அறை என்று சொல்வது மரியாதைக்காக. முன்பு துடைப்பமும் உடைந்த லைட் ஸ்டாண்டும் கிடந்த இடம் அது. அரபு நாட்டில், தம்மாமில் ஒரு கம்பெனியில் இளமை முழுவதையும் கொடுத்துவிட்டு, சர்க்கரை வியாதியை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர். "அங்க ஏசி ரூம்ல நின்னேன், இங்க வேர்வையில நிக்கிறேன். நிக்கிறது மட்டும் மாறல" என்பார். அதைச் சிரிக்காமல்தான் சொல்வார்.

அவர் செய்யும் வேலை இதுதான். டிஸ்க்குகள் எல்லாம் அந்த அறையில் ஒரே பெட்டியில் இருக்கும். எடிட்டிங் மேசையில் உட்கார்ந்திருக்கும் ஹரீஷின் கம்ப்யூட்டர், அந்த டிஸ்க் தன் வயிற்றுக்குள்ளேயே இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். அப்படி நம்ப வைக்கிற சாஃப்ட்வேர் ஒன்று சர்வரில் ஓடுகிறது. ஒரு கல்யாணத்துக்கு ஒரு டிஸ்க். பழைய வெர்ஷனில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஓர் எண். எண்ணைச் சொன்னால் கதவு திறக்கும், அவ்வளவுதான்.

புது வெர்ஷனில் எண்ணை எடுத்துவிட்டார்கள். இனிமேல் பெயர் சொல்லித்தான் டிஸ்க்கைக் கேட்க வேண்டுமாம். பாதுகாப்பு, பூட்டு, சாவி என்று பக்கம் பக்கமாக மாற்றங்களை எழுதியிருந்தார்கள். எழுதியவர்கள் குளுகுளு அறையில் உட்கார்ந்திருப்பார்கள் போல. பழைய பெட்டி அடிக்கடி மூச்சை நிறுத்திக்கொண்டிருந்ததால் வேறு வழி இல்லை. நோன்பு மாதத்தில் எடிட்டிங் கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம் பார்த்து, பாய் புதுப் பெட்டி வைத்து, எல்லாக் கல்யாணங்களையும் ஒவ்வொன்றாக அதற்கு மாற்றினார்.

என்ன பெயர் வைப்பது? எங்கள் ஊரில் இதெல்லாம் ஒரு கேள்வியே இல்லை. செட்டியார் வீடு என்றால் விலாசம்தான். விலாசம் என்றால் இங்கே தெருவும் கதவு எண்ணும் அல்ல. முன்னோர் பெயர்களின் முதல் எழுத்துகள். மெ.சா.நா. வீடு என்றால் ஆட்டோக்காரர் இறக்கிவிடுவார், எண்ணைச் சொன்னால் திருதிருவென்று முழிப்பார். எங்கள் ஸ்டூடியோ பலகையிலும் அப்படித்தான் எழுதுவோம். பாயும் அப்படியே பெயர் வைத்தார்.

மெ.சா.நா. வீட்டில் தை மாதம் இரண்டு கல்யாணங்கள் நடந்தன. அண்ணன் நாச்சியப்பன் மகனுக்கு ஒன்று, அடுத்த வாரமே தம்பி சாத்தப்பன் மகனுக்கு ஒன்று. அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. வீட்டின் நடுவே சுவர் எழுப்பி, ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் பச்சையும் அடித்துக்கொண்டார்கள். சுவர் எழுப்பினார்களே தவிர, விலாசத்தை யாரால் பிரிக்க முடியும்? இரண்டு வீடும் மெ.சா.நா.தான்.

முதலில் அண்ணன் வீட்டுக் கல்யாணம் அந்தப் பெயரில் போய் உட்கார்ந்தது. பிறகு தம்பி வீட்டுக் கல்யாணம் அதே பெயரைக் கேட்டுக்கொண்டு வந்தது. அந்தப் பெயரில் டிஸ்க் ஏற்கெனவே இருக்கிறதே என்று சர்வர் முனகவில்லை. பெயர் சரி, கதவு திறந்தது, மேலே எழுதிவிட்டது. பாய் திறந்தும் பார்த்திருக்கிறார். அதே முகப்பு, அதே சொந்தக்காரர்கள், அதே பட்டுப் புடவைகள். சரியாக இருக்கிறது என்று பழைய டிஸ்க்குகளைத் துடைத்துவிட்டார். கேமரா கார்டுகள் என்றைக்கோ அடுத்த கல்யாணத்துக்குப் போய்விட்டன.

பெருநாள் முடிந்து ஹரீஷ் அண்ணன் வீட்டு வீடியோவை எடிட் செய்யத் திறந்தபோது மாப்பிள்ளை வேறு ஆளாக இருந்தார்.

வேறு வீடாக இருந்தால் காலில் கையில் விழுந்து சமாளித்திருப்போம். ஆனால் நாச்சியப்பன் செட்டியார் மாசியில் நெஞ்சு வலி வந்து இறந்துபோயிருந்தார். அவர் மனைவி கண்ணம்மை ஆச்சி அதற்குப் பிறகு எத்தனையோ தடவை போன் செய்துவிட்டார். "படத்துல மாலைக்குள்ள அசையாம இருக்காக தம்பி. அசையிற மாதிரி ஒரு தடவ பாத்துக்கிறேன்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். அந்தக் குரல் என் காதை விட்டுப் போகவே இல்லை.

எங்கள் முதலாளி ஞானசம்பந்தம் அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "பாய், புது வெர்ஷன் மேல பழியப் போட்டுருவோம். அத எழுதுனவனா வந்து நம்மகிட்ட சண்டைக்கு நிக்கப் போறான்?" என்றார்.

"அது கேட்டது பேரு. பேரு வச்சது நான்தான்" என்றார் பாய்.

"நோன்பு நேரம், அசதியில நடந்துருச்சுன்னாவது சொல்லுங்க."

"நோன்ப ஏன்ணே இழுக்குறீக? அசதி எனக்கு எப்பவும் இருக்கு."

மேலே எழுதினாலும் அடியில் கிடப்பது முழுவதும் அழிவதில்லை. தம்பி வீட்டுக் கல்யாணம் அளவில் சிறியது. அது எட்டாத இடத்தில் அண்ணன் வீட்டுத் துண்டுகள் தப்பிக் கிடந்தன. பாய் ஒரு மீட்பு சாஃப்ட்வேரை ஓட்டி எல்லாவற்றையும் வழித்து எடுத்தார். பெயரும் தேதியும் இல்லாமல் இரண்டு கல்யாணமும் ஒரே குவியலாக வந்தன. எது யாருடையது என்று எங்களுக்குத் தெரியவில்லை. வீட்டு மனிதர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பாய் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அவரைத் தனியே அனுப்ப மனமில்லாமல் நானும் போனேன். ஆச்சி எங்களை உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். பாய் டம்ளரைத் தொடவில்லை.

"ஆச்சி, உங்க வீட்டு வீடியோ முக்காவாசி போயிருச்சு. மெஷின் கெட்டுப் போகல. ரெண்டு வீட்டுக்கும் ஒரே பேரு வச்சு ஒண்ணு மேல ஒண்ண எழுத விட்டது நான். திட்டுங்க, கேட்டுக்கிறேன்."

ஆச்சி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இருக்கிறதக் காட்டுங்க" என்றார்.

ஒவ்வொரு துண்டாக ஓட்டினார் பாய். ஆச்சி பின்னால் தெரியும் சுவரைப் பார்த்துப் பிரித்தார். "நீலம், இது எங்க வீடு. பச்சை, அது அங்குட்டு." நீலச் சுவர் வந்த துண்டுகளில் செட்டியார் அங்கங்கே இருந்தார். முதுகு தெரிந்தது, பாதி முகம் தெரிந்தது, யாரையோ கூப்பிட்டுக்கொண்டே ஓடினார். மகன் கல்யாணத்தில் தகப்பனுக்கு நிற்க ஏது நேரம்? அவர் முகத்தை நேராகக் காட்டும் துண்டு ஒன்றுகூட இல்லை. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

அடுத்த துண்டில் பச்சைச் சுவர். பந்தி. வாழை இலைக்கு முன்னால் நாச்சியப்பன் செட்டியார் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தம்பி சாத்தப்பன் தானே குனிந்து பாயசம் ஊற்றினார். அண்ணன் போதும் போதும் என்று கையை நீட்டித் தடுத்தார், தம்பி கேட்கவில்லை, இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். கேமரா அண்ணன் முகத்தை விட்டு நகரவே இல்லை.

ஆச்சி திரைக்கு மிக அருகில் வந்துவிட்டார்.

"தேவகோட்டைக்குப் போறேன்னு எங்கிட்டச் சொல்லிட்டுப் போனாக" என்றார். "நான்தான் அங்குட்டுப் போகக் கூடாதுன்னு நின்னேன். அவுக இல்ல. நான்தான்."

பாய் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். யாரும் ஓட்டச் சொல்லவில்லை.

"இது அங்குட்டு வீட்டு வீடியோதானே? எனக்குத் தர முடியாதுல்ல?" என்று கேட்டார் ஆச்சி.

"அவுக சம்மதிக்கணும் ஆச்சி. நான் போய்க் கேட்டு வாங்கிட்டு வாரேன்."

"வேணாம். நீங்க கேட்டா குடுத்துருவாக. நான் போகணும்."

தெருவில் இறங்கினால் பத்தடியில் மறு வாசல். அந்தப் பத்தடியைக் கடக்க ஆச்சிக்கு வெகு நேரம் ஆயிற்று. நாங்கள் பின்னால் நின்றோம். கதவைத் திறந்தவர் சாத்தப்பன் செட்டியாரேதான். ஆச்சி பாயின் கையிலிருந்த லேப்டாப்பைச் சுட்டிக்காட்டினார். திரையில் அண்ணனும் தம்பியும் பாதிச் சிரிப்பில் நின்றிருந்தார்கள்.

சாத்தப்பன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் மனைவியை அவர்கள் அழைக்கும் முறையில்தான் ஆச்சியை அழைத்தார்.

"அண்ணமிண்டி, அன்னைக்கு எந்திரிச்சுக் கை கழுவுனப்போ அண்ணன் என்ன சொன்னாக தெரியுமா? அடுத்த தடவ அவளையும் கூட்டிக்கிட்டு வாரேன்டான்னு சொல்லிட்டுப் போனாக. உள்ள வாங்க."

பாய் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.