வாடை நின்ற இடம்

விடிந்ததும் தீர்த்தகிரி வாசலில் குந்தி ஒரு கூமுட்டையை உடைக்கிறார். குனிந்து ஆழமாக முகர்கிறார். குடலைப் பிடுங்கும் நாற்றம் ஏறியதும் அவர் முகம் மலர்கிறது. "அடிக்குது, அடிக்குது! பத்த வெய்யி" என்று குரல் கொடுக்கிறார். அதற்குப் பிறகுதான் அவர் மனைவி பச்சையம்மா அடுப்பில் தீக்குச்சி கிழிக்கலாம். சந்தனம் விளைகிற ஜவ்வாது மலையில் கூமுட்டை தேடி அலைகிற மனிதர் இவர் ஒருவர்தான்.

சாமை அறுக்கும்போதும் புளி உலுக்கும்போதும் சட்டென்று நின்று காற்றை முகர்வார். ஊரில் 'மோப்பம்' என்றால் இவர்தான். கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் இவரும் பச்சையம்மாவின் அண்ணன் சடையனும் மலையிறங்கி, கடலோரத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டும் இடத்துக்குக் கூலிக்குப் போனார்கள். "அங்க ராத்திரியே கெடையாதுங்க. கொழா மேல நெருப்பு எரிஞ்சிக்கினே இருக்கும். பக்கத்துக் கழனில நெல்லு கதிரே வுடல. வாய்க்கால்ல மீனு மல்லாந்து கெடக்கும், ஒரு கொக்கு கிட்ட வராது" என்று, பார்க்கப் போன என்னிடம் சொன்னார்.

ஒரு சாயங்காலம், கிணறு தோண்டிய சேற்றைக் கொட்டும் குழிப் பக்கமிருந்து கூமுட்டை நாற்றம் வந்தது. செத்தது எதுவும் கிடக்காமல் நாற்றம் வந்தால், இவர்கள் ஊர் வழக்கப்படி அங்கே காட்டேரி நிற்கிறது. சேவல் அறுக்க வேண்டும். நாற்றம் அடங்கினால் பலியை ஏற்றுக்கொண்டது என்று பொருள். சடையன் சேவலோடு குழிக்கு இறங்கினான். இவர் மேட்டில் நின்றார்.

"கத்தி வெக்கறதுக்கு முன்னயே சேவலு தல தொங்கிடுச்சி. 'ஏத்துக்கிச்சி மச்சான், வாடயே இல்ல'ன்னான். சிரிச்சிக்கினே குந்தினான். எழுந்திருக்கல."

வாடை எங்கும் போய்விடவில்லை. அந்த விஷக்காற்று அதிகமானால் முதலில் மூக்கைத்தான் சாகடிக்கும் என்று அங்கிருந்த டிரைவர் பிறகு சொன்னாராம். மேலாளரோ, சாராயம் குடித்துச் செத்தான் என்று சொல்லிப் பிணத்தை அனுப்பிவிட்டார்.

நான் போயிருந்த அன்று, இவருடைய தம்பி ராஜாக்கண்ணு அதே வேலைக்குக் கிளம்பி நின்றான். ஆள் பிடிக்க வந்த கண்ணமங்கலத்து மேஸ்திரி கீழே லாரியில் காத்திருந்தார்.

"வாட வந்தா எனக்குத் தெரியாதாண்ணா? ஓடியாந்துட மாட்டேன்?"

"வந்து, அப்பால நின்னுட்டா இன்னா பண்ணுவ?"

"நின்னுட்டா இன்னா, நிம்மதியா வேலயப் பாப்பேன்."

தீர்த்தகிரி புளியமரத்தடிக்குப் போய்ச் சிரித்தபடியே குந்தினார். தலை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. கண் பாதி மூடியது. நெஞ்சு அசையவில்லை.

"இன்னாண்ணா, கூத்து கட்றியா?" என்று ராஜாக்கண்ணு சிரித்தான்.

உதட்டில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. முறத்தோடு வெளியே வந்த பச்சையம்மா, "எங்கண்ணன் மூஞ்சி" என்று முனகி, நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

ராஜாக்கண்ணு மண்டியிட்டு, விரலை அண்ணனின் மூக்கடியில் வைத்துப் பார்த்தான்.