வெடிச் சத்தத்துக்கு அசையாத வெள்ளச்சி

எங்கள் தெருவில் தேவகி அக்காவுக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டாள். ஒன்று கேட்டால் வேறொன்று சொல்வாள். பேசிக்கொண்டிருக்கும்போதே சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஐம்பத்து மூன்று வயது. புருஷன் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரே மகள் லாவண்யாவைச் சேத்துப்பட்டில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். சேவூர் போகிற சாலையில் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் இருபத்தாறு வருஷமாக வேலை. பன்னிரண்டு தறி ஓடுகிற இடம். காலையில் தூக்குவாளியோடு போனால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் திரும்புவாள்.

நான் எதிர் வீடு. வாசலை ஒட்டின அறையில் தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறேன், பட்டுச் சேலைக்குக் குஞ்சம் கட்டித் தருகிறேன். தெருவில் நடப்பது என் கண்ணுக்குத் தப்பாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று போன கார்த்திகையில்தான் தெரிந்தது.

அந்தப் பூனை போன ஆடி மாதம் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. உடம்பில் ஒரு கறுப்பு மயிர் கிடையாது. கண் இரண்டும் வெளிறிய நீலம். தேவகி அக்கா ஒருநாள் மீன் அலசும்போது ஒரு தலையை அதற்குப் போட்டாள். அன்றிலிருந்து அது அவள் பூனை என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. வெள்ளச்சி என்று பெயர் வைத்ததும் தெருதான்.

பட்டு நெய்கிற வீட்டில் பூனையை ஒரேயடியாக வெறுக்க முடியாது. எலி புகுந்து, தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கிற பாவு நூலைக் கடித்துவிட்டால் ஒரு மாத உழைப்பு போய்விடும். அதனால் பூனை வாசலோடு வந்து போனால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வெள்ளச்சி வாசலோடு நிற்கிற ரகம் இல்லை. சொந்த வீடு மாதிரி நேராக நடுக்கூடத்துக்கு வரும். பால் பாத்திரத்தின் மூடியைத் தள்ளும். மடித்து வைத்த சேலை மேல் சுருண்டு படுக்கும். மூன்றாவது வீட்டு சிவகுமாரின் தறியில் இழுத்துக் கட்டிய பாவு மேலேயே ஒருநாள் ஏறிப் படுத்துவிட்டது. இறங்கும்போது நகம் மாட்டிப் பதினாலு இழை அறுந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். விரட்டினால் போகாது என்பதுதான் எல்லோருக்கும் எரிச்சல். மற்ற பூனைகள் "ச்சூ" என்றாலே சுவரேறிப் பாய்ந்துவிடும். வெள்ளச்சியின் முதுகுக்குப் பின்னால் தட்டைத் தட்டினாலும், கதவை அறைந்தாலும் அது பாட்டுக்கு முகம் கழுவிக்கொண்டிருக்கும். கிட்டே போய்க் கையை ஓங்கினால்தான் எழும்.

சிவகுமாரின் மனைவி ரேணுகாதேவி தேவகி அக்கா வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அக்கா, உன் பூன எங்கூட்டுப் பால மொத்தமா குடிச்சிட்டுப் போயிடுச்சு. இத்தோட மூணாவது தடவ."

தேவகி அக்கா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். குனிந்தபடியே, "ஆமா ஆமா, நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

ரேணுகாதேவிக்கு முகம் சிவந்துவிட்டது. நேராக என்னிடம் வந்து, "பாத்தியா அவ கொழுப்ப?" என்றாள். நானும் தலையாட்டினேன்.

தீபாவளி வந்தது. கடைசி வீட்டுக்காரர் ஒரு பெரிய சரவெடியைத் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை விரித்துப் போட்டுக் கொளுத்தினார். காது கிழிகிற சத்தம். தெரு நாய்கள் எல்லாம் முன்பே ஓடி ஒளிந்துவிட்டன. நாங்கள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றோம். வெள்ளச்சி சிவகுமார் வீட்டு மதில் மேல் படுத்திருந்தது. அதற்கு நாலடி கீழே வெடி வெடித்துக்கொண்டே போனது. காகிதத் துணுக்குகள் அதன் மேல் பூ மாதிரி விழுந்தன. அது மெல்ல ஒரு கண்ணைத் திறந்து புகையைப் பார்த்தது. மறுபடி மூடிக்கொண்டது.

வெடித்து முடிந்த பிறகும் எல்லோரும் மதிலையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இது பூன இல்ல" என்றாள் ரேணுகாதேவி மெதுவாக. அவள் உடம்பு சிலிர்த்திருந்ததை நான் பார்த்தேன். மறுநாள் அவளே ஒரு கிண்ணத்தில் பால் ஊற்றி மதில் ஓரத்தில் வைத்தாள். என்னைக் கண்டதும், "எதுக்கும் இருக்கட்டும்னுதான்" என்றாள்.

அன்றைக்குக் காதைப் பொத்தாத இன்னொரு ஆள் இருந்தாள். தேவகி அக்கா தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து பூனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தறிக் கொட்டகையில் வேலை செய்கிறவளுக்கு வெடியெல்லாம் ஒரு சத்தமா என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

பயம் கலந்த அந்த மரியாதை கார்த்திகை வரைதான் நீடித்தது. சிவகுமார் ஒரு கல்யாணச் சேலை நெய்து முடிக்கிற நேரம். முந்தானையில் சரிகை வேலை பாதி ஏறியிருந்தது. வெள்ளச்சி அதன் மேல் குதித்து, கைநீளத்துக்குக் கீறி வைத்துவிட்டது. சேலையை எடுத்துப்போக வருகிற நாளுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சிவகுமார் பெரணமல்லூருக்குச் சரக்கு ஏற்றிப் போகிற ஆட்டோக்காரனை நிற்கச் சொல்லிவிட்டு, சாக்கோடு வந்தான். பூனை அவன் வீட்டுக் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. பின்பக்கமாகப் போய்ச் சாக்கைக் கவிழ்த்தான். ஒரு நொடியில் மாட்டிக்கொண்டது. இத்தனை லேசில் பிடிபடும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை. சாக்கு வாயை முறுக்கிப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தான்.

தேவகி அக்கா ஈரக் கையோடு, வெறுங்காலோடு ஓடி வந்தாள். வந்த வேகத்தில் சாக்கை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வுடுப்பா சிவா. எங்க எடுத்துகினு போற?"

"பெரணமல்லூர்ல வுடப்போறேன். நூறு தடவ சொல்லியாச்சுக்கா. நீயும் கேக்கல, உன் பூனையும் கேக்கல."

அவள் அவன் உதட்டையே உற்றுப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"அதுக்குக் காது கேக்காதுப்பா."

சிவகுமார் சிரித்தான். "பூனைக்குக் காது கேக்காதா? உனக்கு எப்படி தெரியும்? அதுவே வந்து சொல்லுச்சா?"

தெருவில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டோம். தேவகி அக்கா எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எனக்குந்தான் கேக்காது" என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், வழக்கம்போல உரத்த குரலில். எட்டு வருஷத்துக்கு முன்னால் இடது காதில் ஆரம்பித்ததாம். வண்டு ரீங்காரம் போல ஒரு இரைச்சல். பிறகு வலது காதும் மங்கியது. வெளியே தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ, மகள் வந்து கையோடு கூட்டிப்போய்விடுவாளோ என்று பயந்து மூச்சு விடவில்லை. எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். புரியாவிட்டால் சிரிப்பாள், இல்லாவிட்டால் "ஆமா" என்பாள்.

"கொட்டகையில எப்படிக்கா சமாளிக்கிற?" என்று நான் கேட்டேன். முதல் தடவையாக அவள் முன்னால் போய் நின்று, மெதுவாகக் கேட்டேன்.

"செருப்பக் கழட்டிட்டு நிப்பேன். எந்தத் தறி நின்னாலும் கால்ல தெரியும். தரையோட அதிர்வு மாறும் இல்ல. மொத மொதல்ல எனக்கே நம்ப முடியல. இப்போ எத்தினியாவது தறின்னுகூட சொல்லிடுவேன்."

"அப்போ பூனை?"

"தூங்கற பூனைக்குக்கூட காது ஆடிகினே இருக்கும். சத்தம் வர்ற பக்கம் திரும்பும். இதுக்கு ஆடவே ஆடல. தீபாவளி அன்னிக்குத்தான் நல்லா பாத்தேன்."

சிவகுமார் சாக்கை மெல்ல அவிழ்த்தான். வெள்ளச்சி வெளியே வந்து உடம்பை உதறிக்கொண்டு அவன் வீட்டுக்குள்ளேயே திரும்பிப் போய் உட்கார்ந்தது. நாங்கள் பின்னாலேயே போனோம். ரேணுகாதேவி எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்து, அதன் தலைக்குப் பின்னால் வைத்து ஓங்கி அடித்தாள். எனக்குப் பல் கூசியது. பூனையின் காது மடல் துளிகூட அசையவில்லை. பிறகு தேவகி அக்கா எட்டடி தள்ளி நின்று, குதிகாலால் தரையில் ஒரு மிதி மிதித்தாள். வெள்ளச்சி சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தது. இரண்டாவது முறை மிதித்தாள். எழுந்து வாசலைப் பார்த்து நடந்தது.

சத்தமில்லாத உலகத்தில் இருந்துகொண்டே இத்தனை நாளும் அது எங்களோடு வாழ்ந்திருக்கிறது. நாங்கள் கத்தினதெல்லாம் அதற்கு வெறும் வாயசைவு.

பூனை தெருவின் நடுவில் போய் வெயிலில் உட்கார்ந்தது. நாங்களும் வெளியே வந்தோம். இரண்டு பக்கத்து வீடுகளிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது, எங்கோ டிவி அலறியது, நாங்கள் வேறு ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று வெள்ளச்சி எழுந்து நின்றது. முன்னங்காலைத் தரையில் அழுத்தி ஒரு நொடி நின்றுவிட்டு, ஓரமாக வந்து படியேறியது. அதே நேரம் தேவகி அக்காவும் தன் காலைப் பார்த்தாள். ரேணுகாதேவியின் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தாள்.

"இன்னாக்கா?"

"பெரிய வண்டி வருது."

நாங்கள் தெரு முனையைப் பார்த்தோம். ஒன்றுமில்லை. பத்து எண்ணுகிற நேரம் போயிருக்கும். தண்ணீர் லாரி முனையில் திரும்பியது. சிவகுமார் தன்னையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். பூனையைக் கும்பிட்டானா, அக்காவைக் கும்பிட்டானா என்று இன்று வரை அவன் சொல்லவில்லை.

கீறிய முந்தானையைச் சரிசெய்ய நானும் ரேணுகாதேவியும் அவனோடு உட்கார்ந்தோம். சேலை குறித்த நாளில் போய்ச் சேர்ந்தது. தறி அறைக்கு அவன் வலைக்கதவு போட்டுவிட்டான். மற்ற வீடுகளில் பூனை நுழைந்தால் இரண்டு மிதி மிதிக்கிறோம். அது ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுகிறது.

அடுத்த வாரம் லாவண்யா வந்தாள். "ஃபோன எடுக்கலன்னு எத்தினி தடவ திட்டியிருக்கேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்று அழுதாள். தேவகி அக்கா அவள் முகத்தை நிமிர்த்தி, "அழுதுகினே பேசினா உதடு புரியல. அழுதுட்டு அப்புறம் சொல்லு" என்றாள். லாவண்யாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

தறிக் கொட்டகைக்கும் விஷயம் போனது. வேலை போகும் என்று அக்கா பயந்தாள். போகவில்லை. தறி இரைச்சல் இனி யார் காதையும் கெடுக்கக் கூடாது என்று முதலாளி எல்லோருக்கும் காதடைப்பான் வாங்கி வந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் அவளைத் தேடி ஒருவர் வந்தார். வேடியப்பன் என்று பெயர், அடுத்த தறிக்காரர், முள்ளிப்பட்டுப் பக்கம். ஏழு வருஷமாகப் பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்கிறார்கள். தறி ஓடுகிற இரைச்சலில் அங்கே எல்லோருமே உதட்டாலும் கையாலும்தான் பேசிக்கொள்வார்கள். அவர் வாசலில் நின்று, தன் காதைத் தொட்டுக் காட்டி, தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார்.

தேவகி அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள். ஏழு வருஷம். இவளுக்குக் கேட்காது என்று அவருக்குத் தெரியாது, அவருக்குக் கேட்காது என்று இவளுக்குத் தெரியாது. இருவரும் குறையில்லாமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

தை மாதம் லாவண்யா இரண்டு பேரையும் வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். போன காது திரும்பாது, ஆனால் காது மெஷின் வைத்தால் ஓரளவு கேட்கும் என்றார் டாக்டர். இரண்டு மூன்று தடவை போய்வந்த பிறகு மெஷின் கிடைத்தது. அதைக் காதில் வைத்துக்கொண்டு திரும்பும்போது ஆரணி பஸ்ஸுக்காக நின்றிருக்கிறார்கள். வேடியப்பன் ஏதோ கேட்க, தேவகி அக்கா அவர் முகத்தைப் பார்க்காமலேயே பதில் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. திரும்பி அவரை வெகுநேரம் பார்த்தாளாம்.

"இன்னாம்மா அப்படிப் பாக்குற?" என்று கேட்டிருக்கிறார் அவர்.

"உன் குரல் எப்படி இருக்கும்னு எனக்கு இத்தினி நாளா தெரியாதுண்ணா" என்றாளாம். "இவ்ளோ மெல்லிசா?"