மீசை மாமாவின் மீசையம்

பித்தளை பாலிஷ் வாசனை வந்தால் என் கை அம்மாவின் முந்தானையைத் தேடும். போன வாரம் பங்காரப்பேட்டையில் அப்படித்தான் ஆயிற்று. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பழைய சாமான்களைச் சேர்த்து வீட்டு முன்னறையில் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, என் ஐந்து வயது மகன் கௌதமைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவனுக்கு லேசாக இருமல். போகலாமா வேண்டாமா என்று இரண்டு முறை செருப்பைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். நான் அப்படித்தான்.

"லீவு விட்டா பிள்ளையைப் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போவாங்க. நீ தூசி இருக்கற எடமா தேடிப் போறியே" என்பார் என் வீட்டுக்காரர். கோலாரில் வீரக்கல் வைத்த அறை, தீப்பெட்டிப் படம் சேர்க்கும் கம்பவுண்டர் வீடு, தபால்தலைக்காரர் மாடி, எல்லாம் பார்த்தாயிற்று. பிள்ளைக்கு அறிவு வளரட்டும் என்பேன். அது பாதி நிஜம். மீதிப் பாதியை உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் என் அப்பாவின் பில்லையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கோலார் தங்க வயலில் பிறக்காதவர்களுக்குப் பில்லை என்றால் என்னவென்று தெரியாது. நம்பர் வெட்டிய பித்தளை வட்டம். சுரங்கத்துக்குள் இறங்குகிறவர் அதைப் பலகையில் தன் ஆணியில் மாட்டிவிட்டுக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறுவார். மேலே வந்ததும் எடுத்துக்கொள்வார். ஆணியில் பில்லை தொங்கினால் ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். சுரங்கக்காரர்கள் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும்.

எனக்கு ஆறு வயதில் ஒரு பகல் ஷிப்டில் அப்பா இறங்கினார். கீழே பாறை வெடித்தது. அலமாரியில் தட்டுகள் குலுங்கிய சத்தம் மட்டும் எனக்கு ஞாபகம். அவரை மேலே கொண்டுவர முடியவில்லை. பில்லை மட்டும் பலகையில் தொங்கியது. அம்மா தினமும் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தாள். சாயங்காலம் ஷிப்ட் முடிகிற சங்கு ஊதினால் வாசலில் போய் நிற்பாள். கடைசியில் டைம் ஆபீஸ்காரர் ஒருவர் மனசு கேட்காமல் பில்லையை எடுத்து அம்மா கையில் வைத்தார்.

"எறக்கிட்டேம்மா. ஏறி வந்துட்டாருன்னு நெனச்சுக்கோ."

அன்றிலிருந்து அம்மா வாசலில் நிற்பதை விட்டாள். பில்லையை மல் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் படுக்க வைத்தாள்.

மீசை மாமா அப்பாவோடு பல வருஷம் ஒரே ஷிப்டில் இறங்கியவர். காலில் அடிபட்டதும் சுரங்கத்துக்கு வெளியே மேல்வேலைக்கு வந்துவிட்டார். தங்க வயலிலேயே ஊரிகம் பக்கம் இருந்த அவர் வீட்டு முன்னறைதான் எங்களுக்குத் தெரிந்த முதல் மியூசியம். கார்பைடு விளக்கு, ஒடிந்த ஹெல்மெட், பளபளக்கும் வெள்ளைக்கல், தட்டில் குத்திய பட்டாம்பூச்சி. பாதிக்கு மேல் எதற்கென்று அவருக்கே தெரியாது. மீசைக்காரர் நடத்துவதால் அது மீசையம் என்று நான் நம்பியிருந்தேன். அவரும் திருத்தவில்லை. "வாங்க வாங்க, மீசையம் தெறந்துட்டேன்" என்று என்னைத் தோளில் தூக்கிக்கொள்வார். அப்பா இல்லாத பிள்ளைக்கு அந்தத் தோள் எவ்வளவு உயரமாக இருந்திருக்கும் பாருங்கள்.

ஒருநாள் அம்மாவிடம் பில்லையைக் கேட்டார். "பெட்டியில கெடந்தா யாருக்குத் தெரியும் தங்கச்சி? அவன் பேரு நிக்க வேணாவா?"

அம்மா வெகுநாள் யோசித்தாள். "குடுக்கறேண்ணே. ஆனா ஆணியில மாட்டாதீங்க. படுக்க வைங்க."

"இன்னாம்மா நீ, எனக்கா தெரியாது? நானும் எறங்கினவன்தானே."

இந்த ஒரு வார்த்தைதான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது. தெரியாதவர் செய்திருந்தால் தெரியாமல் செய்தார் என்று விட்டுவிடலாம்.

முதலில் சொன்னபடிதான் செய்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட் துணி, அதன்மேல் பில்லை, பக்கத்தில் அப்பா பேர் எழுதிய சீட்டு. ஞாயிற்றுக்கிழமை அம்மா போய் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வருவாள். விருந்தாளி வீட்டுக்குப் போவதுபோல் எனக்கு ரிப்பன் கட்டிக் கூட்டிப்போவாள்.

அப்படி ஒரு ஞாயிறு, வாசலில் கார் நின்றது. பெங்களூரிலிருந்து யாரோ பெரிய மனிதர்கள் பார்க்க வந்திருந்தார்கள். மாமாவின் மனைவி, "டீ மட்டும் கொஞ்சம் வடிகட்டேன்" என்று அம்மாவைப் பின்கட்டுக்குள் இழுத்துக்கொண்டார். அம்மா தட்டை ஏந்தி வர, நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தேன்.

சுவரில் புதுப் பலகை. பாலிஷ் வாசனை. வரிசை வரிசையாக ஆணிகள், எல்லாம் காலி. நடுவில் ஒன்றில் மட்டும் ஒரு பில்லை. மாமா பிரம்பால் அதைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் ஏறிட்டாங்க. இவன் ஒருத்தன் மட்டும் இன்னும் கீழதான் கீறான்."

ஒரு அம்மாள் கைக்குட்டையை எடுத்தாள். எங்கள் அம்மா ஒரு சொட்டு சிந்தாமல் எல்லோருக்கும் டீ கொடுத்தாள்.

கார் போன பிறகுதான் கேட்டாள். "இன்னாண்ணே இது?"

"கோச்சுக்காதம்மா. படுக்க வெச்சா ஒருத்தரும் நின்னு பாக்கறதில்ல. இப்ப பார்த்தல்ல, அந்தம்மா கண்ணுல தண்ணி."

"எறக்கிக் குடுத்துடுங்க."

"மியூசியத்துக்குக் குடுத்ததை யாராவது திருப்பிக் கேப்பாங்களா? ஊருப் பொருளும்மா அது."

அவர் வாயிலிருந்து 'மியூசியம்' என்ற சரியான உச்சரிப்பை அன்றுதான் கேட்டேன். நான் முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் சங்கு ஊதியதும் அம்மா மறுபடி வாசலுக்குப் போனாள். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் ஒருநாள்கூடத் தவறியதில்லை. என் கல்யாணத்தன்றும் நின்றாள்.

மாமா மகனோடு வேறு ஊருக்குப் போய், அங்கேயே இறந்தும் போனார். சாமான்களைக் கோணியில் கட்டிக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டதாக மகன் சொன்னான். எந்தச் சுவரில் எந்த ஆணியில் அப்பா தொங்குகிறாரோ என்றுதான் தூசி அறைகளாகத் தேடிப் போகிறேன்.

பங்காரப்பேட்டை வாத்தியார் வீட்டில் நாலைந்து பில்லைகள் இருந்தன. கண்ணாடிக்குக் கீழே, சிவப்புத் துணியில், படுத்தபடி. நம்பர்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அப்பாவுடையது இல்லை.

அங்கிருந்து ரயிலேறித் தங்க வயலில் கோரமண்டல் பக்கம் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனோம். "ஒரு எடத்துல பில்லைங்க வெச்சிருந்தாங்கம்மா" என்று ஆரம்பித்தேன்.

அம்மா நிமிர்ந்தாள். "மாட்டியா, படுக்க வெச்சா?"

"படுக்க வெச்சு. செவப்புத் துணி மேல."

"நல்லா தொடச்சிருந்தாங்களா?"

"பளபளன்னு இருந்துச்சு."

அம்மாவின் முகம் மாறி, தெளிந்துவிட்டது. அதில் அப்பாவுடையது இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். கௌதம் இருமினான். வெந்நீர் வைக்க எழுந்து போனேன். திரும்பி வந்தபோது அம்மா வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். நானும் விட்டுவிட்டேன். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கேட்பவர் முகம் மாறுவதைப் பார்த்துத்தான் மீசை மாமாவும் ஆரம்பித்திருப்பாரோ என்று அன்றிரவு தூக்கமில்லை.

மறுநாள் சாயங்காலம் சங்கு ஊதியது. அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பவில்லை, கையும் நிற்கவில்லை. வாசல் காலியாகக் கிடந்தது. ஷிப்ட் முடிந்த ஆட்கள் தெருவில் வர ஆரம்பித்தார்கள்.

நான் எழுந்து போய் வாசலில் நின்றேன்.