பூக்காத துவரையும் சங்கராந்திக் குழம்பும்

செடிக்கு வைத்தியம் பார்க்கிற தொழிலில் நோயாளி வாயே திறக்காது; கூட வருகிறவர்கள் மூடவே மாட்டார்கள். கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து பிழைக்கிற அத்தனை பேருக்கும் இந்த வயிற்றெரிச்சல் தெரியும். வங்காளத்தில், அலிப்பூரில் எங்கள் ஆபீஸ். மதுரைக்காரியான நான் மாற்றலாகி வந்து பயிர் நோய்ப் பிரிவில் இருக்கிறேன். இலையைக் கவரில் போட்டுக்கொண்டு வந்து, "டாக்டர்" என்று நிற்பார்கள். வைரஸ் என்றால் மருந்து கிடையாது, பிடுங்கிப் போடுங்கள் என்பேன். அதற்கப்புறம் எனக்குக் கிடைக்கிற மரியாதையை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். போன குளிர்காலத்தில் ஒரே ஒரு துவரைச் செடி என்னைப் படுத்திய பாட்டைத்தான் இங்கே சொல்கிறேன்.

கொழுகொழு நோயாளி

லலிதா அக்கா பக்கத்தில் இருக்கும் கார்டன் ரீச்சிலிருந்து வந்தார். கணவருக்கு ரயில்வேயில் வேலை. ஜனவரி கடைசியில் ரிடையர்மெண்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் கோவில்பட்டிக்குப் போகிறார்கள். பக்கத்து வீட்டு மித்தாலியை அக்கா 'பௌதி' என்பார், வங்காளத்தில் அண்ணி என்று அர்த்தம். வருஷா வருஷம் சங்கராந்திக்கு அரிசிமாவும் வெல்லமுமாகப் பிட்டே செய்து தட்டு நிறையக் கொடுத்தனுப்புவாளாம் பௌதி. இந்தக் கடைசிச் சங்கராந்திக்காவது தன் கையால் விளைந்த பச்சைத் துவரையில் குழம்பு வைத்து அவளுக்குப் பரிமாறிவிட்டுத்தான் ரயிலேறுவது என்று அக்காவுக்கு வைராக்கியம். அதற்காக வேலியோரம் ஒரு வரிசை துவரை போட்டிருந்தார்.

"மத்ததெல்லாம் நோஞ்சானாட்டம் நின்னு மொட்டு வைக்குது. இது மட்டும் ராஜாவாட்டம் வளருது, ஆனா பூக்க மாட்டேங்குது. என்ன உரம் போடணும்?" என்று ஒரு கிளையை நீட்டினார். சிறுத்து நெருங்கிய இலைகள், வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத் திட்டாக. மலட்டுத் தேமல் நோய். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் சாற்றை உறிஞ்சுகிற சாக்கில் வைரஸை ஏற்றிவிட்டுப் போகும். அதோடு செடி பூப்பதை விட்டுவிட்டு இலையாகத் தள்ளும். உடனே பிடுங்காவிட்டால் மொத்த வரிசைக்கும் தொற்றும், குழம்புக்கு ஒரு காய் மிஞ்சாது என்றேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கொழுகொழுன்னு இருக்கிற பிள்ளையைப் போய் நோயாளிங்கிறீங்களே, நீங்க நெசமாவே டாக்டர்தானா?"

சாட்சிக்கு வந்தவர்

மறுவாரம் பௌதியையும் கையோடு கூட்டிவந்தார். அவள் கணவர் வீட்டில் ஹோமியோபதிப் பெட்டி வைத்திருக்கிறாராம். நாலு சர்க்கரை உருண்டையைத் தண்ணீரில் கரைத்து வேரில் ஊற்றினால் என்ன என்று பௌதி கேட்டாள். இந்த ஊரில் ஜலதோஷம் முதல் மாமியார் கோபம் வரை அந்த உருண்டைதான். பல்லைக் கடித்துக்கொண்டு, அவர்கள் கொண்டுவந்த இலையை இருவரையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னேன்.

வெள்ளை நூல் துணுக்கு மாதிரி பேன்கள் நெளிந்தன. நாலே நாலு கால், இறக்கை கிடையாது, காற்றடித்தால் அடுத்த செடிக்குப் போய்விடும் என்று விளக்கினேன். பௌதி லென்ஸிலிருந்து கண்ணை எடுத்து, மூன்று மாடிக்கும் நீண்டு கிடக்கிற எங்கள் வராந்தாவைப் பார்த்தாள். "இத்தனூண்டு ஜந்துவுக்கா இவ்வளவு பெரிய ஆபீஸ்!"

இடம் விட்ட கதை

மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். அங்கே போய்ப் பார்த்தால், ஐயோ, தலையில் அடித்துக்கொண்டேன்! அந்த ராஜா அப்படியே நிற்கிறது. கழுத்தில் திருஷ்டிக் கறுப்புக் கயிறு, எலுமிச்சை, மிளகாய் சகிதம். அது தாராளமாக வளரட்டும் என்று அக்கம்பக்கத்து ஒல்லிச் செடிகளைப் பிடுங்கியிருந்தார் அக்கா. பிடுங்கியதெல்லாம் பூவும் மொட்டுமாய்க் குப்பைத் தொட்டி ஓரம் கிடந்தது! தண்ணீர்க் குழாயடியில் மட்டும் சில செடிகள் தப்பியிருந்தன.

எனக்கு வந்த கோபத்தில், "குழம்பு வேணுமா, இந்த ராஜா வேணுமா, ஒண்ணைச் சொல்லுங்க!" என்று கத்திவிட்டேன். அக்கா முந்தானையால் அந்தத் தேமல் இலையைத் துடைத்தபடியே நின்றார். "தெருவில போறவன் எல்லாம் நின்னு பார்த்துட்டுப் போற செடிம்மா. என் கையாலேயே எப்படிப் பிடுங்குவேன்?"

வேரோடு விசர்ஜன்

சத்தம் கேட்டு பௌதி வந்தாள். விஷயத்தைக் கேட்டவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். காற்றில் உதறாமல், தலையோடு பாலித்தீன் பையை மாட்டிப் பிடுங்கணும் என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரே இழுப்பு. பையைக் கட்டியதும், துர்க்கை சிலையை ஆற்றில் கரைக்கிற விசர்ஜனில் செய்கிற மாதிரி நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். பிறகு ஊர்வலத்தில் போடுகிற அதே கோஷம்: "ஆஸ்சே போச்சோர் ஆபார் ஹோபே!" வருகிற வருஷம் மறுபடியும் நடக்கும் என்று அர்த்தம்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்காவும் சிரிக்கத்தான் ஆரம்பித்தார், பாதியில் குரல் உடைந்துவிட்டது. "வர்ற வருஷம் இந்த வீட்டுல யாரு இருப்பாங்களோ, பௌதி."

குழம்பு

குழாயடிச் செடிகள் பிழைத்தன, காயும் பிடித்தன. சங்கராந்தியன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பௌதி வீட்டிலிருந்து தட்டு நிறையப் பிட்டே வந்திருந்தது. அக்கா வைத்த குழம்போ சின்னக் கிண்ணத்தின் அடியில் கிடந்தது. பௌதியை உட்காரவைத்து, கரண்டியால் வழித்து வழித்துப் பரிமாறினார். "நேத்துப் பார்த்தப்போ செடியில காய் இருந்துச்சே, காலையில பாதியைக் காணோம். எந்தக் களவாணி கையை வெச்சானோ!" என்று புலம்பித் தீர்த்தார்.

பௌதி ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, இந்த நோய் விதை வழியாகப் போகுமா என்று கேட்டாள். போகாது, பேன் வழியாக மட்டும்தான் என்றேன். நிம்மதியாக விரலை நக்கிக்கொண்டு அக்காவிடம் சொன்னாள்: "முத்தின காயெல்லாம் என் மொட்டை மாடியில காயுது, விதைக்கு. போட்டு வளர்க்கிறது என் பொறுப்பு, குழம்பு வைக்க நீதான் வரணும்."

பிடுங்கச் சொல்வதைத் தவிர வேறு வைத்தியம் தெரியாத டாக்டரையும் இலைபோட்டு உட்காரவைத்துச் சாப்பாடு போடுகிற ஊர் இது, நமக்கென்ன குறைச்சல்!